ஊசிக்கு வாத்தியார் இல்லை

(நவம்பர் 14 அன்று திருச்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாந்துபோகக் கூடாது. நான் டாக்டர் இல்லை. வங்கியில் காசாளர். 1986இல், ஒன்பது வயதில், எனக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தது. அன்று தொடங்கிய இன்சுலின் ஒரு நாளும் நின்றதில்லை. நடுவில் பதினான்கு மாதம் இடுப்பில் பம்ப் கட்டியிருந்தேன். மற்ற நாளெல்லாம் ஊசிதான். "அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை ஏம்மா கழற்றினாய்?" என்று கேட்காத உறவினர் இல்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இன்றைக்கு மைக் வைத்துக் கேட்டிருக்கிறார்கள், ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

இன்று குழந்தைகள் தினம். 1891இல் இதே தேதியில்தான், இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் பாண்டிங் கனடாவில் பிறந்தார். அதனால் உலக நீரிழிவு நாளும் இதுவே. தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். மனித உடம்பில் ஏறிய முதல் இன்சுலின் ஊசி ஒரு சிறுவனுக்குத்தான் போடப்பட்டது. லெனார்டு தாம்சன், பதினான்கு வயது, டொரண்டோ, 1922 ஜனவரி 11. அந்த முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. போட்ட இடம் வீங்கிச் சீழ்கட்டியது. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் ராப்பகலாக உட்கார்ந்து மருந்தைச் சுத்தப்படுத்தினார். பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசியில்தான் பையன் எழுந்து உட்கார்ந்தான். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களாகப் பாண்டிங், பெஸ்ட் என்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். காலிப்பை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. எனக்கென்னவோ அவர்மேல்தான் பிரியம்.

அதே வருஷம் ஆகஸ்டில் டொரண்டோவுக்கு இன்னொரு குழந்தை வந்தாள். எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். இன்சுலினுக்கு முன்பு இந்த நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சாப்பாட்டை அளந்து குறைத்து, சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். பதினைந்து வயதை எட்டப்போகும் அந்தப் பெண்ணின் எடை இருபது கிலோ. அவள் ஊசியோடு வளர்ந்தாள், திருமணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள், 1981இல் எழுபத்துமூன்று வயதில் இறந்தாள். மொத்தம் 42,000 ஊசி என்று கணக்குச் சொல்கிறார்கள். நானும் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். காசாளர் புத்தி. 2004 வரை நாளுக்கு இரண்டு, பிறகு நான்கு, பம்ப் காலத்தைக் கழித்தால் 40,000 தாண்டுகிறது. இன்னும் ஒரு வருஷத்தில் அந்த அம்மாளை எட்டிப்பிடித்துவிடுவேன்.

என் முதல் ஊசிக்கு வருகிறேன். அப்போது கண்ணாடி சிரிஞ்ச். அம்மா அதை ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைப்பாள். ஊசி எஃகு. முனை மழுங்கினால் அப்பா கல்லில் தீட்டுவார். வீட்டில் ரத்தப் பரிசோதனை கிடையாது. சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், சூடுபடுத்தினால் நிறம் மாறும். நீலமென்றால் அம்மா முகத்தில் வெளிச்சம். பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்தில் நின்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். அந்த நிறம் சொல்வதோ சில மணி நேரத்துக்கு முந்தைய கதை. போன ரயிலுக்குச் சிவப்புக் கொடி காட்டுவதுபோல.

ஆனாலும் ஒன்று எங்களுக்கு வாய்த்தது. வார்டில் இருந்த ஒரு சிஸ்டர். வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல்நாள் அம்மாவைக் கூப்பிட்டு, கையில் ஒரு சாத்துக்குடியும் சிரிஞ்சும் உப்புத்தண்ணீரும் கொடுத்து, அரைமணி நேரம் போட்டுப்போட்டுப் பழகச் சொன்னார். சாத்துக்குடித் தோல் நம் தோல் போலவே ஊசிக்கு வழிவிடும். பத்துத் தடவை குத்திய பிறகு அம்மாவின் கை நடுக்கம் நின்றது. அந்த அரைமணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்குத் திரும்ப வருவேன்.

பம்புக்குப் போவோம். பார்க்காதவர்களுக்காக: பழைய காலத்துப் பேஜர் அளவில் ஒரு கருவி. உள்ளே இன்சுலின் தொட்டி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, வயிற்றுத் தோலுக்கடியில் செருகிய சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குழலில் முடியும். சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின் நாள் முழுக்கச் சொட்டுச்சொட்டாக இறங்கும். சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டுப் பட்டனை அமுக்க வேண்டும். அந்தக் குழலை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1963இல் ஆர்னால்ட் காடிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் செய்த முதல் கருவி முதுகில் மாட்டும் மூட்டை அளவு இருந்தது. அதைப் பார்த்தால் இன்றைய பம்ப் அதிசயம்தான், மறுக்கவில்லை.

எனக்குப் பம்ப் வந்தபோது கூடவே ஒரு பயிற்சியாளர் வந்தார். மூன்று நாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சோற்றில் மாவுச்சத்து எவ்வளவு, அதற்கு எத்தனை யூனிட், சர்க்கரை ஏறியிருந்தால் எத்தனை யூனிட் கூட்ட வேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் எடுத்தார். நூறு கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து என்பதை, இன்சுலின் போடத் தொடங்கி இருபத்தெட்டு வருஷம் கழித்து, நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சமையலறைத் தராசு வாங்கினேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) ஒன்பதிலிருந்து ஏழரைக்கு இறங்கியது. பார்த்தவர்களெல்லாம் "பம்ப் போட்டதும் எப்படி இறங்கிவிட்டது!" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பம்பைக் கழற்றிய பிறகும் அது ஏழரையிலேயே நின்றது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. என் சர்க்கரையை இறக்கியது இடுப்பில் இருந்த கருவி மட்டுமில்லை. அதோடு வந்த அந்த மூன்று நாள் பாடமும் தராசும் ராத்திரி எடுத்த போனும்.

இது என் சொந்த அனுபவம் மட்டும் என்றால் இந்த மேடையில் சொல்லியிருக்கமாட்டேன். 1983இல் தொடங்கி 1993இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம், நாளுக்கு ஒன்றிரண்டு ஊசி. மற்றப் பாதிக்குத் தீவிரக் கவனிப்பு. தீவிரப் பிரிவில் விழித்திரை பாதிப்பு புதிதாகத் தொடங்கும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம், நரம்பு எல்லாவற்றிலும் நல்ல பலன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் கிட்னியும் தப்பும் என்று இன்று டாக்டர்கள் அடித்துச் சொல்வதற்கு அதுதான் ஆதாரம். அந்தத் தீவிரப் பிரிவு எல்லோரும் பம்ப் போட்டவர்கள் இல்லை. பம்ப் போட்டவர்களும் உண்டு, நாளுக்கு மூன்றும் அதற்கு மேலும் ஊசி போட்டவர்களும் உண்டு. இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது வேறு: நாளுக்கு நான்கு தடவை ரத்தப் பரிசோதனை, மாதாமாதம் நேரில் சந்திப்பு, நடுநடுவே போன், அளவைத் தாங்களே கூட்டிக் குறைக்கப் பயிற்சி. இன்று நாம் போடும் அதிவேக இன்சுலின் அப்போது சந்தைக்கே வரவில்லை, அது 1996இல்தான் வந்தது. பழைய இன்சுலினையும் சாதாரண ஊசியையும் வைத்துக்கொண்டே பலர் அந்தப் பலனை அடைந்தார்கள்.

தீவிரக் கவனிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. அந்தப் பிரிவில் கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு வந்தது. அதை மறைத்தால் நான் விளம்பரக்காரி ஆகிவிடுவேன்.

சரி, பம்பை ஏன் கழற்றினேன்? கத்திரி வெயில் ஒரு காரணம். திருச்சியில் மே மாதம் வயிற்றில் ஒட்டிய பிளாஸ்திரி நிற்குமா? வியர்வையில் நழுவும், குழல் வெளியே வந்துவிடும், புதிதாகச் செருக வேண்டும், ஒவ்வொரு செட்டும் காசு. புடவை இன்னொரு காரணம். கொசுவத்தைச் செருகும் இடத்துக்கும் பம்புக்கும் ஓயாத சண்டை.

பெரிய காரணம் ஒரு பஸ் பயணம். ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடிக்குப் போனேன். வழியில் அந்தப் பிளாஸ்டிக் குழல் மடங்கிவிட்டது. கருவிக்கு அது உடனே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஊசி போடுகிறவர்கள் உடம்பில் நீண்டநேர இன்சுலின் ஒன்று அடித்தளம்போல் எப்போதும் இருக்கும். ஒரு வேளை ஊசியை மறந்தாலும் அது கொஞ்சம் தாங்கும். பம்பில் அந்த அடித்தளம் இல்லை. சொட்டு நின்றால் சில மணி நேரத்தில் உடம்பில் இன்சுலினே இருக்காது. மண்டபத்தில் இறங்கும்போது வாந்தி, நாக்கு வறண்டு மரக்கட்டை. மீட்டரில் 480. நேராக ஆஸ்பத்திரி, இரண்டு நாள் டிரிப்ஸ். பையில் ஒரு சிரிஞ்சும் இன்சுலினும் எப்போதும் இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். நான்தான் வைக்கவில்லை. ஆகவே குற்றம் கருவிமேல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு மனம் விட்டுப்போயிற்று. இருபத்துநான்கு மணி நேரமும் ஒன்று என்மேல் தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. தாலி, கொலுசு, மூக்குக்கண்ணாடி, அதுவே போதும்.

இதைக் கேட்டு யாரும் பம்பை வெறுத்துவிட வேண்டாம். கைக்குழந்தைக்குக் கால் யூனிட்டுக்கும் குறைவாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அதைச் சிரிஞ்சில் அளக்க முடியாது. விடியற்காலை மட்டும் சர்க்கரை எகிறுகிறவர்கள், ராத்திரியில் உணர்வே இல்லாமல் சர்க்கரை இறங்குகிறவர்கள், கருவுற்ற சில பெண்கள், இவர்களுக்குப் பம்ப் பெரிய துணை. உடம்பில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சாரோடு சேர்ந்து தானே அளவை மாற்றும் புதிய பம்புகள் ராத்திரித் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. வாங்க வசதியும் சுமக்க மனசும் இருப்பவர்கள் தாராளமாகப் போடட்டும். அந்தச் சென்சார் ஊசி போடுகிறவர்களுக்கும் ஒட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் நான் முதலில் அதற்குத்தான் செலவழிப்பேன்.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். பம்போடு வாத்தியார் வருகிறார். ஊசியோடு யார் வருகிறார்? மருந்துக்கடையில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். "காலையில பதினாறு, ராத்திரி பத்து, சாப்பாட்டுக்கு முன்னாடி." முடிந்தது பாடம். ஓராண்டு கழித்துச் சர்க்கரை கட்டுப்படவில்லை என்றால் பழி நோயாளிமேல், இல்லாவிட்டால் ஊசிமேல்.

கற்றுக்கொடுக்காததால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த வலிமைக்கு உள்ள சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வீட்டில் பேனா கெட்டுவிட்டது, ஊசி தீர்ந்துவிட்டது, சரி, இருக்கிற சிவப்பு மூடிச் சிரிஞ்சால் பேனா மருந்தை உறிஞ்சுவோம் என்று யாராவது நினைத்தால்? பத்து என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ஆள் மயங்கி விழுவார். தலைகீழாகவும் நடக்கும். குப்பி மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் இருபது கோடு இழுத்தால் போவது எட்டு யூனிட்தான். சர்க்கரை நானூறில் நிற்கும், "இன்சுலினே எனக்குக் கேட்கவில்லை" என்பார். கவுன்டரில் ஒரு நூறு ரூபாய் குறைந்தால் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிற ஆள் நான். இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் எத்தனையோ வீட்டில் தவறிக்கொண்டிருக்கிறது, தேடுவார் இல்லை.

அடுத்தது கட்டி. எனக்குக் கல்லூரிக் காலத்தில் தொப்புளுக்கு இரு பக்கமும் எலுமிச்சம்பழம் அளவில் இரண்டு மெத்தைகள் இருந்தன. அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அங்கே வலிக்காது. ஒரே இடத்தில் மாற்றாமல் போட்டால் கொழுப்பு அப்படித்தான் திரளும். அதற்குள் போன மருந்து ஒரு நாள் உறிஞ்சப்படும், ஒரு நாள் தங்கிவிடும். அளவைக் கூட்டிக்கொண்டே போய் நாளுக்கு 60 யூனிட்டில் நின்றேன். ஒரு டாக்டர் கடைசியில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம், தொட்டுப் பார்த்தார், அதற்கு முன் ஒருவரும் தொடவில்லை. இடத்தை மாற்றச் சொன்னார், அதே நாளில் அளவையும் குறைக்கச் சொன்னார். குறைக்காமல் நல்ல இடத்தில் போட்டிருந்தால் அன்றே கீழே விழுந்திருப்பேன். இப்போது வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம், ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளி. கோலப்புள்ளி வைப்பதுபோலத்தான்.

நேரம் தெரியாமல் படுவது இன்னொரு பாடு. பழைய சாதாரண இன்சுலின் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். வீட்டில் சரி. கல்யாணப் பந்தியில்? "இலை போட்டாச்சு" என்ற குரலைக் கேட்டு நம்பிக்கையோடு போட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கூட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இலை கிடைக்க ஐம்பது நிமிஷம். கை நடுக்கம், வியர்வை, கண்ணுக்கு முன் பூச்சி. எதிர் இலையில் ஒரு சித்தப்பாவுக்குப் பரிமாறியிருந்த லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். இப்போது அதிவேக இன்சுலின், இலையில் சோறு விழுந்த பிறகுதான் போடுகிறேன். கைப்பையில் குளுக்கோஸ் பொடி. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கல்கண்டும் வேண்டாம், கரைவதற்குள் நாம் கரைந்துவிடுவோம். மீட்டரில் எழுபதுக்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. திறக்காத குப்பி ஃபிரிட்ஜ் கதவுத் தட்டில். ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஒரு தடவை உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் புது மண்பானையில் ஈர மணல் போட்டு, நடுவில் ஒரு டப்பாவுக்குள் குப்பியை வைத்தால் போதும். தண்ணீர் கசிந்து ஆவியாவதில் பானைக்குள் குளிரும். பாட்டி காலத்து வித்தை, இன்றும் பலிக்கிறது. போட்டு முடித்த ஊசியைக் குப்பைக்கூடையில் வீசாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிவையுங்கள். நம் தெருவில் குப்பை அள்ளும் அம்மாவின் கையில் குத்தினால் அது நம் பாவம்.

முதல் வகைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. காய்ச்சல், வாந்தி, சாப்பிடவில்லை என்றாலும் நீண்டநேர இன்சுலினை நிறுத்தாதீர்கள். அளவை டாக்டரிடம் கேளுங்கள், நிறுத்தாதீர்கள். "பிள்ளை ஒன்றுமே சாப்பிடவில்லை, அதனால் ஊசி போடவில்லை" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எலிசபெத் ஹியூஸைப் பற்றி இன்னொன்று சொல்லவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கத் தன் நோயை ஊருக்கு மறைத்தார். அவ்வளவு பெரிய குடும்பம், அவ்வளவு படிப்பு, இருந்தும் மறைத்தார். எனக்கு அது நன்றாகவே புரிகிறது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது அத்தை, "ஊசி விஷயத்தை இப்ப எடுக்காதே" என்றார். நான் எடுத்தேன். இரண்டு வரன் எழுந்து போனது. மூன்றாவதாக வந்தவர் "வலிக்குமா?" என்று மட்டும் கேட்டார், அவர்தான் அதோ பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மறைக்கிற பெண் பாத்ரூமில் போய் அவசரமாகத் துணிக்கு மேலேயே குத்திக்கொள்கிறாள். விருந்தாளி வந்தால் ஒரு வேளையை விட்டுவிடுகிறாள். ஹாஸ்டலில், மாமியார் வீட்டில், ஆபீஸில் இது நடக்கிறது. நான் கவுன்டரிலேயே போட்டுக்கொள்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முதலில் முகத்தைத் திருப்பினார்கள். இப்போது "மேடம், எங்க அப்பாவுக்கும் இருக்கு, இப்படித்தான் போடணுமா?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாம் வகைக்காரர்களும் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். "ஊசி வரைக்கும் வந்துடுச்சா?" என்று ஊரில் கேட்கிற குரல் இருக்கிறதே, துக்கம் விசாரிக்கிற குரல், அதற்குப் பயந்து ஐந்து வருஷம் தள்ளிப்போட்டுக் கால் விரலை இழந்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. மாத்திரை போதாதபோது உடம்புக்கு வேண்டியதைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அரசு ஆஸ்பத்திரிகளில் அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். கொடுக்கிற அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு சிஸ்டரை உட்காரவைத்து, ஆளுக்கு அரைமணி ஒதுக்கினால் போதும் என்று மனு எழுதியிருக்கிறேன். வாசலில் வைத்திருக்கிறோம், கையெழுத்துப் போடுங்கள்.

அதுவரைக்கும் எங்களால் ஆனது: பின்னால் அந்த மேஜையில் நாற்பது சாத்துக்குடியும் உப்புத்தண்ணீரும் இரண்டு வகைச் சிரிஞ்சும் பேனாவும் இருக்கின்றன. சிவப்பு மூடி இடது பக்கம், ஆரஞ்சு மூடி வலது பக்கம். வெள்ளைச் சட்டை போட்ட ஓய்வுபெற்ற சிஸ்டர்கள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்து வந்தவர்கள் முதலில் போங்கள். மணி ஏழரை, எனக்கும் ஊசி நேரம். நானும் அங்கேதான் வருகிறேன்.